பலகாரத்த மொதல்ல எழுதுங்க, அப்பறம் தின்னுங்க

போன வருசம் ஒரு ஞாயித்துக்கெழம வெடியால சென்னிமலை படி ஏறுனனுங்க. மொத்தம் 1320 படி. மூச்சு வாங்க ஏறி முருகன கும்புட்டு எறங்கி வந்து கைல இருந்த வாட்ச்ச பாத்தா 430 கலோரின்னு காட்டுது. அட நாம ஒழச்சு சம்பாரிச்சதுதானேன்னு அடிவாரத்துல ஒரு பேக்கரில பூந்து ரெண்டு வெஜ் பப்ஸ், ஒரு தேங்கா பன்னு, சக்கர தூக்கலா ஒரு டீ. ஊட்டுக்கு வந்து உக்காந்து, திங்கறத எழுதி கலோரி கணக்கு பாக்கற ஆப்ல ஒண்ணொண்ணா போட்டா 900 தாண்டி நிக்குது. மணி அப்ப ஒம்பதரை கூட ஆகல, மத்தியானம் அம்மா கறி வேற எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தாங்க.

நான் பெட்ஷீட் கம்பெனில கணக்கு எழுதறவன். வவுச்சர் இல்லாம நூறு ரூவா வெளிய போனா கூட மொதலாளி கூப்ட்டு கேப்பாரு. அப்பிடிப்பட்ட ஆளு சொந்த வயித்துக்கு மட்டும் மொதல்ல செலவு பண்ணிட்டு ராத்திரி வந்து வவுச்சர் போட்டுட்டு இருந்திருக்கேன். அதான் ரெண்டு வருசமா ஆப் வெச்சிருந்தும் வெயிட் எறங்காம இருந்துச்சு. அன்னைக்கு ஒரே ஒரு பழக்கத்த மாத்துனேன், பலகாரம் எதுன்னாலும் திங்கறதுக்கு முன்னாடி எழுதறது, அதுவும் வெடியாலயே எழுதறது. ஒம்பது மாசத்துல 82 கிலோ 75 ஆச்சு. மைசூர்பா, ஒப்புட்டு (போளிதானுங்க), பப்ஸ் எதயும் விடலீங்க. எப்பிடின்னு கேட்டவங்களுக்கெல்லாம் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் இங்க ஒரேயடியா எழுதிடறேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. சக்கர வியாதிக்கு மாத்திரை, ஊசி போடறவங்க, மாசமா இருக்கறவங்க, பால் குடுக்கற அம்மாங்க, முன்னாடி சாப்பாடு விசயத்துல மனசு நொந்து போயி டாக்டர பாத்தவங்க, இவங்க எல்லாம் என்ற பேச்ச கேட்டு எதையும் கொறைக்க வேண்டாமுங்க. டாக்டர் கிட்ட கேட்டுட்டு செய்யுங்க.

மொதல்ல ஒரு நம்பர் வேணும். மிஃப்லின் செயின்ட் ஜியோர்னு ஒரு ஃபார்முலா, 1990ல வந்தது, நெறயா ஆப்புல உள்ள ஓடறது இதுதான். கிலோவ 10ஆல பெருக்குங்க, உயரத்த சென்டிமீட்டர்ல எடுத்து 6.25ஆல பெருக்குங்க, ரெண்டயும் கூட்டுங்க, வயச 5ஆல பெருக்கி அதுல கழிங்க, ஆம்பளையா இருந்தா 5 கூட்டணும், பொம்பளையா இருந்தா 161 கழிக்கணும். அப்ப எனக்கு 82 கிலோ, 170 சென்டிமீட்டர், 38 வயசு. 820 கூட்டல் 1062 கழித்தல் 190 கூட்டல் 5, சுமாரா 1700 வருது. இது நாள் பூரா கட்டல்ல படுத்துக் கெடந்தாலும் ஒடம்பு தானா செலவு பண்றது. சேர்ல உக்காந்து பாக்கற வேலைக்கு இத 1.2ஆல பெருக்குனா 2040. அதுல 340 கொறச்சு நாளைக்கு 1700ன்னு வெச்சேன் (ரெண்டும் 1700ஆ வந்தது தற்செயல், கொழப்பிக்காதீங்க). ஒரு கிலோ கொழுப்புக்கு சுமாரா 7700 கலோரி, அப்ப பேப்பர்ல மாசம் 1.3 கிலோ எறங்கணும். நெசத்துல எனக்கு முக்கால் கிலோதான் எறங்குச்சு. ஏன்னா சட்னில ஊத்துற எண்ணய பேப்பருக்கு தெரியாது.

இங்கயே ஒரு குழி இருக்குதுங்க, பாத்து நடங்க. ஆப் ஆரம்பத்துல நீங்க எவ்ளோ சுறுசுறுப்புன்னு கேக்கும். தெனமும் நடக்கறேன் ஜிம்முக்கு போறேன்னு நெனச்சு மேல இருக்கறத அமுத்துனா அது 1.375, 1.55ன்னு எச்சா பெருக்கி, ஒடற்பயிற்சிய அப்பவே உள்ள சேத்துரும். அப்பறம் தெனமும் வாட்ச் கணக்கையும் தனியா கூட்டுனா ஒரே பில்லுக்கு ரெண்டு தடவ காசு வாங்குன மாதிரி. ஒண்ணு உக்காந்த வேலைன்னு போட்டுட்டு நடக்கறத தனியா எழுதுங்க, இல்ல சேத்துப் போட்டுட்டு வாட்ச்ச மறந்துருங்க.

இப்ப விசயத்துக்கு வரேன். நம்ம பக்கம் கல்யாண ஊட்ல மொய் நோட்டு எழுதறத பாத்திருப்பீங்க. பத்து ரூவா வெச்சாலும் எழுதுவாங்க, பத்தாயிரம் வெச்சாலும் எழுதுவாங்க, பந்தில உக்காந்து எந்திரிச்சு வெத்தல போட்டுட்டு ஊருக்கு போனப்பறம் ஞாவகப்படுத்தி எழுதறதில்ல. ஆப்பயும் அப்பிடித்தான் வெச்சுக்கணும். வெடியால பல்லு வெளக்கிட்டு டீக்கு முன்னாடி நான் செய்யறது இது: இன்னைக்கு பொழுதோட என்ன திங்கப் போறேன்னு ரோசன பண்ணி அத மொதல் வரியா போட்டுருவேன். மைசூர்பா ஒண்ணு, 200. முடிஞ்சுது. அப்பறம் மீதி 1500ல இட்லி, சோறு, கொழம்பு, முட்டை எல்லாம் தானா வந்து உக்காந்துக்கும்.

கேக்கறதுக்கு சின்ன விசயமா இருக்கும். ஆனா ராத்திரி எட்டு மணிக்கு 120 கலோரி பாக்கி இருக்கறப்ப மைசூர்பாவ பாக்கறதுக்கும், வெடியாலயே சீட்டு போட்டு வெச்ச மைசூர்பாவ பாக்கறதுக்கும் நெம்ப வித்தியாசமுங்க. மொதல்லதுல நாம திருடனாட்டம் திம்போம், அதோட நிறுத்தவும் மாட்டோம், "போச்சு இன்னைக்கு கெட்டுருச்சு, நாளைக்கு பாத்துக்கலாம்"னு இன்னும் ரெண்டு போடுவோம். ரெண்டாவதுல மெதுவா உக்காந்து திங்கலாம், தின்னு முடிச்சா கணக்கும் முடிஞ்சுது. இன்னொண்ணு, முன்னாடியே எழுதிட்டா பாதி நாள் மத்தியானம் ஆபீஸ்ல யாரோ பொறந்தநாள் கேக் நீட்டறப்ப கை தானா நிக்கும், ஏன்னா இந்த காஞ்ச கேக்குக்காக அந்த மைசூர்பாவ விடோணுமான்னு மனசு கேக்கும். கேக்கே நல்லா இருந்தா எடுத்துக்குங்க, மைசூர்பா வரிய அழிச்சுட்டு கேக்க போடுங்க. மாத்தலாம், கூட்டக் கூடாது, அவ்ளோதான்.

செரி, அந்த 200 எங்கிருந்து வரும்? சோத்துல கை வெச்சா ராத்திரி பசிக்கும். எனக்கு அது டீல இருந்து வந்துச்சு. நம்மூர்ல பேக்கரின்னா அது கேக் கடைன்னு வெளியூர்க்காரங்க நெனப்பாங்க, ஆனா நமக்கு தெரியும் அது டீக்கடை, ஆபீஸு, பஞ்சாயத்து மேடை, பொண்ணு பாக்கற விசயம் வரைக்கும் பழமை பேசற எடம். நான் ஒரு நாளைக்கு நாலு டீ. ஒரு டீல பால் 60 மில்லி வெச்சா 40 கலோரி, சக்கர ரெண்டு ஸ்பூன் 10 கிராம், அது 40. ஒரு டீ 80ன்னா நாலு டீக்கு 320. சக்கர மட்டும் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னது என்னன்னா, மேல சேக்கற சக்கரைல இருந்து வர்ற கலோரி மொத்தத்துல 10 சதவீதத்துக்கு கீழ இருக்கோணும், 5க்கு கீழன்னா இன்னும் நல்லது. என்ற 1700ல 10 சதவீதம்னா 42 கிராம் சக்கர. அப்ப ஒரு துண்டு இனிப்பு வாய்ல படறதுக்கு முன்னாடியே டீலயே மொத்தமும் காலி!

ரெண்டு டீயா கொறச்சு, அதுலயும் ஒரு ஸ்பூன் சக்கரன்னு மாத்துனேன். ஒரு டீ 60, ரெண்டுக்கு 120. மிச்சம் 200. அந்த 200தான் என்ற பலகாரக் காசு. மொத வாரம் மாஸ்டர் "ஏனுங்ணா, சுகர் வந்துருச்சுங்களா"ன்னு கேட்டாரு, கடைல இருந்த நாலு பேரும் பரிதாபமா பாத்தாங்க. இல்லீங்ணா மைசூர்பாவுக்கு சேத்தறேன்னு சொன்னா யாரு நம்புவாங்க. இப்ப நான் போனாலே கேக்காம ஒரு ஸ்பூன்ல போட்டு வெச்சர்றாரு. உங்களுக்கு டீ உசுருன்னா அத விட வேண்டாம், உங்க 200 வேற எங்கயோ ஒழிஞ்சிருக்கும், ஒரு வாரம் எதையும் மாத்தாம எல்லாத்தையும் அப்பிடியே எழுதிப் பாருங்க, கண்ணுல படும். என்ற மச்சானுக்கு அது சாயங்காலம் டிவி முன்னாடி திங்கற மிக்சர்ல இருந்துச்சு. என்ற ஊட்டுக்காரிக்கு தேங்கா சட்னி, அவ இட்லிக்கு சட்னி ஊத்தறதில்ல, சட்னிக்கு இட்லி போடுவா.

அடுத்தது தராசு. சமையல் டிஜிட்டல் தராசு சில நூறு ரூவாய்க்கு கெடைக்குது, அது இல்லாம இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க. "ஒரு துண்டு மைசூர்பா"ன்னு ஆப்ல தேடுனா ஒருத்தன் 90ங்கறான், ஒருத்தன் 250ங்கறான். கடைக்கு கடை துண்டு வேற. கோயமுத்தூர்ல 1948ல ஆரம்பிச்ச ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸால பேர் வாங்குன நெய் ஒழுகற மெதுவான மைசூர்பா ஒரு ஜாதி, தீவாளிக்கு ஊட்ல பண்ணி கல்லாட்டம் ஒறஞ்சு போற மைசூர்பாகு இன்னொரு ஜாதி. ஆனா ரெண்டுலயும் கடலமாவு, சக்கர, நெய்தான், நெய் கிராமுக்கு 9 கலோரி, சக்கர 4. அதனால கிராமுக்கு 5லயிருந்து 5.5 வரைக்கும்னு வெச்சுக்கிட்டா பெரிய தப்பு வராது. நான் வாங்கற துண்டு தராசுல வெச்சப்ப 38 கிராம் காட்டுச்சு, அதான் 200. ஒரு தடவ நிறுத்தா போதும், அப்பறம் கண்ணு பழகிரும். தெனமும் தராசோட சுத்தற ஆள எந்த ஊட்லயும் விரும்ப மாட்டாங்க.

ஊட்ல பண்ற பலகாரத்துக்கு ஆப்ப தேடவே தேடாதீங்க. கச்சாயம்னு போட்டுப் பாருங்க, ஒண்ணும் வராது, வந்தா அதிரசத்த காட்டும். நாமளே கணக்கு போட்டுக்கலாம். போன நோம்பிக்கு அம்மா கச்சாயம் சுட்டப்ப பக்கத்துல நோட்டோட உக்காந்தேன். பச்சரிசி கால் கிலோ ஊறப் போட்டாங்க, அது 890. வெல்லம் கால் கிலோ, அது 950. ஏலக்கா கணக்குல வராது. எண்ணதான் சிக்கல். கடலெண்ண டப்பாவ ஊத்தறதுக்கு முன்னாடி நிறுத்து எழுதிக்கிட்டேன். மாவ கரண்டில மொண்டு ஊத்துனா அடில போயி ஒரு நிமிசம் இருந்துட்டு அப்பிடியே உப்பி மேல வரும், சுத்தி நொரையா பொங்கும், அத திருப்பி விட்டு ரெண்டு கரண்டி வெச்சு அமுக்கி எண்ணய வடிய விடுவாங்க, அந்த அமுக்கறதுல எவ்ளோ வெளிய வருதுங்கறதுதான் கலோரி. எல்லாம் சுட்டு முடிச்சு, எண்ண நல்லா ஆறுனப்பறம் (சூட்டோட தொடாதீங்க) மீதிய டப்பால ஊத்தி மறுபடி நிறுத்தேன். 90 கிராம் கொறஞ்சிருந்துச்சு. 90 பெருக்கல் 9, 810.

"ஏஞ்சாமி, எண்ணயக் கூடவா நிறுப்பாங்க? உங்கப்பாரு பத்து கச்சாயம் தின்னுட்டு ஏர் ஓட்ட போவாரு"ன்னாங்க அம்மா. அப்பாரு ஏர் ஓட்டுனாரு, நான் உக்காந்து கம்ப்யூட்டர்ல டேலி கணக்கு ஓட்டறேன், அதாம்மா வித்தியாசம்னேன். மூணயும் கூட்டுனா 2650. எண்ணிப் பாத்தா 22 கச்சாயம். ஒண்ணு 120. இந்த நம்பர் உங்க ஊட்டுக்கு பொருந்தாது, உங்க கரண்டி அளவு வேற, ஆனா வழி இதுதான்: உள்ள போறத எல்லாம் பச்சையா நிறுத்து, மொத்தம் போட்டு, எத்தன உருப்படின்னு வகுத்துருங்க. அரிசி, பருப்பு, எள்ளு மாதிரி பச்சை சாமானுக்கு நம்பிக்கையான நம்பர் வேணும்னா ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட உணவு அட்டவணை இருக்குது, அதப் பாத்துக்கலாம். ஒப்புட்டு, முறுக்கு, எள்ளுருண்டை எல்லாத்துக்கும் இதே முறைல ஒரு தடவ போட்டு ஆப்ல சொந்த உணவுன்னு சேத்து வெச்சுட்டேன், அடுத்த நோம்பிக்கு ஒரு அமுத்துல முடிஞ்சுது.

நாட்டுச்சக்கர விசயத்தையும் சொல்லிடறேன், இல்லீன்னா ஒறம்பரைல ஒருத்தராவது சண்டைக்கு வருவாங்க. கவுந்தப்பாடி சக்கர ருசி வெள்ளச்சக்கரைக்கு வராது, ஒத்துக்கறேன், நானும் அதத்தான் வாங்கறேன். ஆனா கலோரின்னு வந்தா 100 கிராமுக்கு 380ம் 400மும்தான். நாட்டுச்சக்கரதானேன்னு ரெண்டு ஸ்பூன் எச்சா போட்டா அங்கயே கணக்கு ஒதைக்கும். தெனை லட்டு, ராகி பிஸ்கட்டுக்கும் இதேதான். பாக்கெட்ல தானியத்து படம் பெருசா இருந்தா பின்னாடி திருப்பி 100 கிராமுக்கு எவ்ளோன்னு படிங்க, முன்னாடி இருக்கறத படிக்காதீங்க.

எத பலகாரமா வெச்சுக்கறதுங்கறதுல என்ற கட்சி என்னன்னா, உண்மையிலயே புடிச்சது மட்டும். டயட் ஐஸ்கிரீம், சக்கர போடாத ஸ்வீட்டுன்னு வாங்கித் தின்னு ஆச தீராம அப்பறம் நெசமானதயும் தின்னு ரெண்டு கணக்கு எழுதியிருக்கேன். புடிச்சத ஒரு துண்டு, கடைல போயி ஒரு துண்டா வாங்கறது. அரை கிலோ டப்பா ஊட்டுக்குள்ள வந்தா அது 2700 கலோரி அலமாரில உக்காந்துட்டு கூப்புட்டுட்டே இருக்கும். கடைக்காரரு ஒத்த துண்டு கேட்டா மொறைப்பாருன்னு பயப்படாதீங்க, ரெண்டு நாள்ல பழகிருவாரு. ஒறம்பரை யாராச்சும் டப்பாவோட வந்தா அன்னைக்கே புள்ளைங்களுக்கு குடுத்து, பக்கத்து ஊட்டுக்கு பாதி அனுப்பிருவோம்.

சில நாள் இனிப்பு வேண்டாம் காரம் வேணும்னு இருக்கும். பப்ஸ் ஒண்ணு 250லயிருந்து 300, மடிப்புக்கு மடிப்பு கொழுப்பு வெச்சு மடிக்கறதாச்சே. வேகவெச்ச கடலக்கா தொலிச்சது 50 கிராம்னா 160, இது வயித்துலயும் நிக்கும், என்னக் கேட்டா நம்ம பக்கத்துல இதுக்கு மிஞ்சுன நொறுக்குத் தீனி இல்ல. வறுத்ததுன்னா அதே 50 கிராம் 290 ஆயிரும், தண்ணி போயிர்றதால. எளநி ஒண்ணு 60 சுமார். ரோட்டுக்கடை காளான் மட்டும் எந்த தராசுக்கும் அடங்காது, மைதா, முட்டக்கோசு, எண்ண, சாஸு, அதுல காளான் எங்கன்னு தேடறதே பெரும்பாடு. அத நான் கண்ண மூடிட்டு 400ன்னு போட்டுருவேன். தெரியாதத எச்சாவே எழுதறது கணக்குல நல்ல பழக்கம்.

இப்ப ஒடற்பயிற்சி. நடந்துட்டு வந்து வாட்ச் காட்டறத அப்பிடியே பலகாரத்துல செலவு பண்ணாதீங்க, இது சென்னிமலைல நான் காசு குடுத்து கத்துக்கிட்டது. கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் நடபாதை ஒரு சுத்து சுமாரா ரெண்டரை கிலோமீட்டர், ரெண்டு சுத்து ஒரு மணி நேரம்னு வெச்சுக்குங்க. அந்த வேகத்துக்கு 3.5ன்னு ஒரு எண் இருக்குது, சும்மா உக்காந்திருக்கறத விட மூணரை மடங்கு செலவுன்னு அர்த்தம். அத கிலோவால பெருக்குனா, 82க்கு 287. ஆனா அந்த ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தாலே 82 செலவாயிருக்கும், அது ஏற்கெனவே உங்க 2040க்குள்ள இருக்குது. அதக் கழிச்சா நடந்ததுக்குன்னு கெடைச்சது 205. ஒரு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடந்தது ஒரு மைசூர்பா, அது வாய்ல ரெண்டு நிமிசம் கூட நிக்காது. நான் அந்த 205லயும் பாதிதான் வரவு வெக்கறேன், 100. நடந்துட்டு வந்த நாள்ல மீதி நேரம் ஜம்முன்னு உக்காந்துருவோம், சோறும் ஒரு கரண்டி எச்சா போகும், அத எந்த வாட்ச்சும் காட்டாது. வெயிட் எறங்கறப்ப இந்த நம்பரும் எறங்கும், 75 கிலோல அதே நடைக்கு 187தான், மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் மறுபடி போட்டுக்குங்க.

தண்டால், டம்பெல்ஸ் வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் பண்ணுங்க. அதுக்கு நான் கலோரியே எழுதறதில்ல, சதை கரையாம இருக்க அது, அவ்ளோதான்.

இனி விசேசம். ஐப்பசி, தை, ஆவணின்னா வாரத்துக்கு ரெண்டு பத்திரிக்கை வரும். கெடாவெட்டு, காதுகுத்து சீரு, புது ஊட்டுக்கு பால் காச்சறது எல்லாம் சேத்தா நாள் கணக்கு நம்ம ஊருக்கு ஒத்து வராது, வாரக் கணக்குதான் ஒத்து வரும். 1700 பெருக்கல் 7, 11,900. ஞாயித்துக்கெழம கறி விருந்து இருக்குதுன்னு திங்கக்கெழமயே தெரிஞ்சா, ஆறு நாள் 1600, அப்ப ஞாயித்துக்கெழமைக்கு 2300 கெடைக்கும். 600 எச்சா. அதுல பள்ளிபாளையம் சிக்கனும் சோறும் ஒரு துண்டு ஸ்வீட்டும் தாராளமா அடங்கும். பந்தில என்ற ரூல் ஒண்ணுதான், மொத எலைல என்ன விழுதோ அது. "இன்னும் கொஞ்சம் வெய்யுங்க"ன்னு அத்தை வருவாங்க, எலை மேல கைய வெச்சு "போதுமுங்க அத்தை, நெம்ப நல்லாருக்குது"ன்னு ரெண்டயும் ஒட்டுக்கா சொல்லணும், போதும்னு மட்டும் சொன்னா கோவிச்சுக்குவாங்க. விருந்து இருக்குதுன்னு வெடியால பட்டினி மட்டும் கெடக்காதீங்க, ரெண்டு முட்டையும் ஒரு தோசையும் தின்னுட்டு போங்க, காஞ்ச வயித்தோட பந்தில உக்காந்தா எந்த கணக்கும் நிக்காது.

விருந்துக்கு அடுத்த நாள் வெயிட் பாக்காதீங்க. ஒரு தடவ ஒன்றரை கிலோ எச்சா காட்டி அன்னைக்கு பூரா மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தேன். ஒரே நாள்ல ஒன்றரை கிலோ கொழுப்பு ஏறணும்னா வழக்கத்துக்கு மேல 11,500 கலோரிக்கு பக்கம் தின்னிருக்கோணும், அவ்ளோ தின்னா ஆஸ்பத்திரிலதான் இருப்போம். அது உப்பு புடிச்சு வெச்ச தண்ணி, சோறு இனிப்பு ஒடம்புல சேமிச்சா ஒரு கிராமுக்கு மூணு கிராம் தண்ணியும் கூட நிக்கும், அதோட இன்னும் வெளிய போகாத சாப்பாடு. மூணு நாலு நாள்ல தானா எறங்கிரும். தெனமும் வெடியால கக்கூஸ் போயிட்டு வந்து ஒரே நேரத்துல நின்னு பாத்து, வாரத்துக்கு ஒரு சராசரி போட்டு, இந்த வார சராசரிய போன வாரத்தோட மட்டும் பாருங்க. ரெண்டு மூணு வாரம் சராசரி நகரலீன்னா எழுதாம போனது எங்கயோ இருக்குது, மொதல்ல எண்ணயத் தேடுங்க, தாளிக்கற கரண்டி ஒரு தடவ சாஞ்சா 120.

கணக்கு ஒடையற நாளும் வருமுங்க. போன மாசம் அம்மிச்சி (அம்மாவப் பெத்தவங்க) ஊட்டுக்கு போயிருந்தேன், வெடியால எழுதி வெச்சது ஒரு ஒப்புட்டு. அவங்க ஒப்புட்ட தோசக்கல்லுல இருந்து நேரா தட்டுல போட்டு அது மேல நெய்ய ஊத்தி, பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தாங்க, "எளைச்சுப் போயிட்டயே கண்ணு"ன்னு வேற. நாலு போச்சு. ஒண்ணுக்கு 230ன்னா 920. ஊட்டுக்கு வர்ற வழில பஸ்லயே எழுதிட்டேன், நாலும், நெய்யோட. அந்த வரிய எழுதாம விட்டா அடுத்த நாள் எழுதறதுக்கே மனசு வராது, ஆப்ப தொறக்கவே கூச்சமா இருக்கும், அப்பிடித்தான் நான் முன்னாடி ரெண்டு தடவ மொத்தமா விட்டுப் போனது. அடுத்த நாள் பட்டினி கெடந்து சரி கட்டவும் போகல, வழக்கம் போல இட்லி நாலு, மத்தியானம் அரிசிம்பருப்பு, கொள்ளு ரசம், பொழுதோட மைசூர்பா ஒண்ணு வெடியாலயே எழுதி வெச்சது. எழுதி வெச்ச ஒண்ணுக்கு மேல போன 690ஐ ஏழு நாளைக்கு பிரிச்சு சுமாரா நாளைக்கு 100ன்னு கொறச்சுக்கிட்டேன், அந்த வாரம் மூணாவது டீ கேட்டு ரெண்டு நாள் தலை வலிச்சுது.